ஐன்ஸ்டைனை விண்வெளியில வெச்சு எப்படி சோதிக்கறாங்க? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல, சாட்டிலைட்ல இருக்கற கடிகாரம் தரையில இருக்கறதை விட கொஞ்சம் வேகமா ஓடும்னு ரெண்டே வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகளே இந்த தடவை பக்கத்தை நிறைச்சுடுச்சு, அதனால வேற எந்த விஷயத்தையும் எடுக்காம இதை மட்டும் பார்ப்போம்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்): ஈர்ப்பை விளக்கற ஐன்ஸ்டைனோட பொதுச் சார்பியல் தியரி 1915-லயே வந்தாச்சு. 1919 சூரிய கிரகணத்தப்போ நட்சத்திர ஒளி வளையறதைப் படம் பிடிச்சு சரின்னும் சொல்லியாச்சு. அப்புறமும் ஏன் இவ்வளவு செலவு பண்ணி திரும்பத் திரும்ப சோதிக்கறாங்க?

பதில்: 1919-ல கிடைச்ச நம்பரை எடுத்துப் பாருங்க சார், பாதி பதில் அதுலயே இருக்கு. சூரியனோட விளிம்பை ஒட்டி வர்ற ஒளி 1.75 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3,600-ஆ பிரிச்சா அதுல ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்) வளையணும்ங்கறது ஐன்ஸ்டைன் கணக்கு, நியூட்டன் வழியில போட்டா அதுல பாதிதான் வரும். பிரேசில்ல சோப்ரால்ங்கற ஊர்ல எடுத்த படங்கள்ல 1.98 வந்துச்சு, ஆப்பிரிக்கா பக்கத்துல பிரின்சிபே தீவுல ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் எடுத்ததுல 1.61 வந்துச்சு. நியூட்டனா ஐன்ஸ்டைனாங்கற கேள்விக்கு அது போதும். ஆனா ஐன்ஸ்டைன் எத்தனை தசம ஸ்தானம் வரைக்கும் சரின்னு கேட்டா அந்தப் படங்களால பதில் சொல்ல முடியாது.

இதே கேள்விக்கு 2002-ல சனி கிரகத்துக்குப் போய்க்கிட்டிருந்த காசினி விண்கலத்தை வெச்சு பதில் தேடினாங்க. பூமியிலேர்ந்து பார்க்கும்போது காசினி சூரியனுக்குப் பின்பக்கமா போச்சு, அப்போ ரேடியோ சிக்னல் சூரியனை ஒட்டி போய்ட்டு வர வேண்டியிருந்துச்சு, அந்த இடத்துல காலவெளி (காலமும் இடமும் சேர்ந்த பின்னல்) வளைஞ்சிருக்கறதால சிக்னல் கொஞ்சம் லேட்டாகும், அந்த லேட் நாளுக்கு நாள் மாறறதால அலையோட அதிர்வெண்ணும் துளி மாறும். சூரியனைச் சுத்தி இருக்கற சூடான பிளாஸ்மாவும் ரேடியோ அலையைக் குழப்பும்ங்கறதுதான் அதுல பெரிய தலைவலி. அதுக்காக ஒரே நேரத்துல வேற வேற அலைவரிசையில சிக்னல் அனுப்பினாங்க, ஏன்னா பிளாஸ்மா ஒவ்வொரு அலைவரிசையையும் ஒவ்வொரு அளவுல பாதிக்கும், ஈர்ப்பு எல்லாத்தையும் ஒரே மாதிரி பாதிக்கும். ரெண்டையும் பிரிச்சுக் கழிச்சா மிச்சம் நிக்கறது ஈர்ப்போட வேலை. பெர்டொட்டி, இயெஸ், டோர்டோரான்னு மூணு இத்தாலிய விஞ்ஞானிகள் 2003-ல வெளியிட்ட முடிவுப்படி ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்கும் அளந்த அளவுக்கும் வித்தியாசம் லட்சத்துல ரெண்டு மூணு பங்குக்குள்ள, அதுவும் அளவீட்டோட பிழை எல்லைக்குள்ளயே அடங்கிடுது.

சரி, இவ்வளவு பொருந்தின பிறகும் ஏன்? குவாண்டம் இயற்பியலும் பொதுச் சார்பியலும் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகல. ரெண்டும் தனித்தனியா பிரமாதமா வேலை செய்யுது, சேர்த்து வெச்சா கணக்கு உடையுது. அப்போ எங்கயோ ஒரு இடத்துல ரெண்டுல ஒண்ணு மாறியே ஆகணும், எந்த இடம்னு யாருக்கும் தெரியாது. நியூட்டன் தியரியும் ரெண்டு நூற்றாண்டு அசைக்க முடியாம நின்னுச்சு, கடைசியில புதன் கிரகத்தோட பாதையில நூறு வருஷத்துக்கு வெறும் 43 ஆர்க் செகண்ட் கணக்கு இடிச்சதுதான் அது எங்க பத்தலைன்னு காட்டிக் கொடுத்துச்சு. அந்த மாதிரி ஒரு சின்ன இடி எங்க இருக்குன்னு தேடறதுதான் இந்த சோதனைகள். அதனால "ஐன்ஸ்டைன் மறுபடியும் ஜெயிச்சார்"னு வர்ற தலைப்பை விட, கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கற பிழை அளவுதான் எனக்கு முக்கியமான செய்தியா படுது.

கேள்வி (பிளஸ் டூ மாணவி): சார்பியல் திருத்தம் போடலைன்னா ஜிபிஎஸ் ஒரே நாள்ல 11 கிலோமீட்டர் தப்பா காட்டும்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்களே, உண்மையா?

பதில்: கணக்கு உண்மைம்மா, ஆனா அதை அப்படியே எடுத்துக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. ஜிபிஎஸ் சாட்டிலைட் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல நொடிக்கு கிட்டத்தட்ட 3.9 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது. வேகத்தால அதோட கடிகாரம் ஒரு நாளைக்கு சுமார் 7 மைக்ரோ செகண்ட் பின்தங்கும், மேல ஈர்ப்பு கம்மியா இருக்கறதால 45 மைக்ரோ செகண்ட் முந்தும், கழிச்சா 38 மைக்ரோ செகண்ட் முந்துது. ஒளி அந்த நேரத்துல போற தூரம்தான் அந்த 11 கிலோமீட்டர்.

ஆனா உங்க போன் நாலு சாட்டிலைட்டோட நேரத்தை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்குது. எல்லாக் கடிகாரமும் ஒரே அளவு முந்தினா அது பெரும்பாலும் போனோட சொந்த கடிகாரப் பிழையோட சேர்ந்து கழிஞ்சுடும். அதனால ஒரே நாள்ல மேப்ல நீங்க 11 கிலோமீட்டர் தள்ளி நிப்பீங்கன்னு சொல்றது மிகை. அதுக்காக திருத்தம் வேண்டாம்னு ஆகிடாது. சாட்டிலைட்டோட பாதை சரியான வட்டம் இல்ல, பூமிக்கு கொஞ்சம் கிட்ட வரும் கொஞ்சம் தள்ளிப் போகும், அதுக்கேத்த மாதிரி ஒவ்வொரு சாட்டிலைட் கடிகாரமும் தனித்தனியா பத்து இருபது நானோ செகண்ட் கூடிக் குறையும். ஒரு நானோ செகண்டுக்கு ஒளி 30 சென்டிமீட்டர் போகும்ங்கறதால இதை விட்டா மீட்டர் கணக்குல தப்பு வரும். இந்தத் திருத்தத்தை உங்க கையில இருக்கற ரிசீவரே போட்டுக்குது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1977-ல நடந்தது. சீசியம் அணுக் கடிகாரத்தோட முதல்ல மேல போன என்டிஎஸ்-2 சாட்டிலைட்டை அந்த வருஷம் ஜூன்ல அனுப்பினாங்க. இந்த சார்பியல் விளைவு நிஜமாவே வருமாங்கறதுல சம்பந்தப்பட்ட சிலருக்கு சந்தேகம் இருந்துச்சு. அதனால திருத்தம் போடற சர்க்யூட்டை உள்ள வெச்சுட்டு, ஆன் பண்ணாமலேயே சுமார் 20 நாள் ஓட விட்டாங்க. லட்சம் கோடியில 446.5 பங்கு முந்தணும்னு கணக்கு சொல்லுச்சு, கடிகாரம் 442.5 பங்கு முந்தியிருந்துச்சு. அப்புறம் சர்க்யூட்டை ஆன் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த ஜிபிஎஸ் கடிகாரங்களை ஃபேக்டரியிலயே 10.23 மெகாஹெர்ட்ஸுக்கு பதிலா 10.22999999543 மெகாஹெர்ட்ஸ்ல செட் பண்ணி அனுப்பறாங்க, மேல போனதும் அது தரையிலேர்ந்து பார்க்க 10.23 ஆகிடுது.

கேள்வி (இன்ஜினியரிங் மாணவர்): லேப்லயே இவ்வளவு நல்ல கருவி இருக்கே சார், எதுக்கு விண்வெளிக்குப் போகணும்?

பதில்: லேப்லயும் அருமையான சோதனைகள் நடக்குது தம்பி, குறைச்சு சொல்லவே முடியாது. பவுண்டும் ரெப்காவும் 1960-ல ஹார்வர்ட்ல 22.5 மீட்டர் உயர கோபுரத்துல காமா கதிரை வெச்சு ஈர்ப்பால அதிர்வெண் மாறறதை அளந்தாங்க, 2022-ல அமெரிக்காவுல ஜிலா ஆய்வுக்கூடத்துல ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்துக்கே நேரம் மாறறதைப் பார்த்துட்டாங்க. ஆனா தரையில ஈர்ப்பு வித்தியாசம் ரொம்ப சின்னது, வேகம் கம்மி, நிலம் அதிர்ந்துக்கிட்டே இருக்கும், ஒரு பொருளை விழ விட்டா சில நொடியில கீழ வந்துடும். சுத்துப்பாதையில அது மாசக்கணக்குல விழுந்துக்கிட்டே இருக்கும்.

ஆனா விண்வெளி நாம நினைக்கற மாதிரி அமைதியான இடமும் இல்ல. 600, 700 கிலோமீட்டர் உயரத்துலயும் லேசா காத்து இருக்கு, சூரிய ஒளியே சாட்டிலைட்டைத் தள்ளும். அதுக்கு ஒரு அழகான வழி வெச்சிருக்காங்க. சாட்டிலைட் உள்ள ஒரு பொருளை எதையும் தொடாம மிதக்க விடுவாங்க, வெளிக்கூடு காத்துலயும் ஒளியிலயும் தள்ளப்பட்டு அந்தப் பொருளை நெருங்கினா சென்சார் உடனே சொல்லும், குட்டி குட்டி த்ரஸ்டர் வாயுவைப் பீய்ச்சி கூட்டை நகர்த்தும். அதாவது உள்ள இருக்கறது ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டு தன் போக்குல விழும், வெளிக்கூடு அதைச் சுத்தி கூடவே போய்க்கிட்டிருக்கும். கீழ வர்ற பதில்கள்ல பல தடவை இது வரும், மனசுல வெச்சுக்கோங்க.

கேள்வி (வாசகி ஒருவர்): கிராவிட்டி புரோப் பி-ன்னு ஒரு சாட்டிலைட்டுக்கு 40 வருஷத்துக்கு மேல உழைச்சாங்களாமே? அப்படி என்னதான் அளந்தாங்க, கடைசியில ஜெயிச்சுதா இல்லையா?

பதில்: இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும், எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான சோதனை இது.

யோசனை ரொம்ப எளிமையானது. சுத்தற கைரோஸ்கோப்போட அச்சை ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்தி வெச்சா, எதுவும் தொடாத வரைக்கும் அது அங்கேயேதான் பார்த்துக்கிட்டிருக்கும்ங்கறது நியூட்டன். ஐன்ஸ்டைன் தியரிப்படி பூமி தன்னைச் சுத்தி இருக்கற காலவெளியை வளைச்சு வெச்சிருக்கு, அதனால சுத்தி வர்ற கைரோவோட அச்சு மெல்ல சாயும். இதுக்கு ஜியோடெடிக் விளைவுன்னு பேரு, அந்த சாட்டிலைட்டோட பாதையில வருஷத்துக்கு 6,606 மில்லி ஆர்க் செகண்ட். அதுக்கு மேல, பூமி சுழலறதால காலவெளியையே தன்னோட சேர்த்து லேசா இழுக்குது, இது ஃபிரேம் டிராகிங், இதனால அச்சு இன்னொரு திசையில வருஷத்துக்கு 39 மில்லி ஆர்க் செகண்ட் சாயணும். அந்த 39-ங்கறது 400 மீட்டர் தூரத்துல வெச்ச ஒரு தலைமுடியோட தடிமன் நம்ம கண்ணுக்குப் பிடிக்கற கோணம் அளவுதான். சுத்துப்பாதையை துருவங்கள் வழியா போற மாதிரி அமைச்சதுக்குக் காரணமே, இந்த ரெண்டு சாய்வும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா வந்து தனித்தனியா பிரிஞ்சு தெரியணும்னுதான்.

1959, 60 வாக்குல ஜார்ஜ் பியூவும், ஸ்டான்ஃபோர்ட்ல லியோனார்ட் ஷிஃபும் தனித்தனியா இதை யோசிச்சாங்க. பிரான்சிஸ் எவெரிட் 1962-ல சேர்ந்தார், கடைசி ரிசல்ட் வர்ற வரைக்கும் அதை விடல. அந்த கைரோ எப்படின்னு கேளுங்க. 38 மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு குவார்ட்ஸ் உருண்டை, எங்க தொட்டுப் பார்த்தாலும் முழுக் கோளத்திலேர்ந்து சில பத்து அணு அடுக்குக்கு மேல மேடு பள்ளம் கிடையாது. அது மேல நயோபியம் பூச்சு. உருண்டைக்கும் அதைச் சுத்தி இருக்கற கூட்டுக்கும் நடுவுல இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல முப்பதுல ஒரு பங்கு. ஹீலியம் வாயுவை ஊதி நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுத்து சுத்த வெச்சாங்க. இப்படி நாலு உருண்டை.

இவ்வளவு மழமழன்னு எந்த அடையாளமும் இல்லாத உருண்டையோட அச்சு எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரு புள்ளி வெச்சாக்கூட அதோட சமநிலை கெட்டுடும். அங்கதான் நயோபியம் வருது. அதை 1.8 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வெச்சா அது சூப்பர் கண்டக்டர் ஆகிடும், சூப்பர் கண்டக்டர் சுத்தினா அதோட சுழல் அச்சோட சரியா ஒத்துப் போற ஒரு மெல்லிய காந்தப்புலம் தானா உண்டாகும். அந்த காந்தப்புலத்தை ஸ்குவிட்ங்கற சென்சார் வெச்சு தொடாமலே படிச்சுடலாம். இதுக்காக சுமார் 2,400 லிட்டர் சூப்பர்ஃப்ளூயிட் ஹீலியத்தை ஒரு பெரிய தெர்மாஸுக்குள்ள வெச்சு அனுப்பினாங்க. இந்த ஒரு யோசனையை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

2004 ஏப்ரல் 20 அன்னிக்கு மேல போச்சு, 642 கிலோமீட்டர் உயரம். ஐஎம் பெகாசிங்கற நட்சத்திரத்தை டெலஸ்கோப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அந்த நட்சத்திரமும் சும்மா நிக்கல, அதுவும் வானத்துல நகருது, அதை வேற ஒரு குழு ரேடியோ டெலஸ்கோப்கள் வெச்சு குவேசார்ங்கற, நகராத மாதிரி தெரியற தொலைதூர ஒளிமையங்களோட ஒப்பிட்டு அளந்துச்சு. கைரோ டேட்டாவை ஆராயற குழு அந்த அளவைத் தெரிஞ்சுக்காம வேலை செய்யறதுன்னு ஏற்பாடு, ஏன்னா எதிர்பார்க்கற விடை முன்னாடியே தெரிஞ்சா மனுஷ மனசு அந்தப் பக்கமே கணக்கைத் தள்ளும். நேர்மைன்னா இது.

2005-ல டேட்டா எடுத்து முடிஞ்சது, ஹீலியமும் தீர்ந்துச்சு. டேட்டாவை விரிச்சுப் பார்த்தா கைரோக்கள் எதிர்பார்த்ததை விட அதிகமா அலைஞ்சிருக்கு. காரணம் சார்பியல் இல்ல. உருண்டை மேலயும் கூட்டோட உள்பக்கத்துலயும் மின்னழுத்தம் எல்லா இடத்துலயும் ஒரே சீரா இல்லாம திட்டுத் திட்டா இருந்திருக்கு, அது ஒண்ணை ஒண்ணு இழுத்து அச்சை லேசா திருப்பியிருக்கு. தேடற விளைவை விட இந்த இழுப்பு பெருசு. 2007-ல ஜியோடெடிக் விளைவு தெரியுதுன்னு சொன்னாங்க, ஃபிரேம் டிராகிங் அந்த இரைச்சலுக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. 2008-ல நாசாவோட மதிப்பீட்டுக் குழு இதைக் கடைசி இடத்துல போட்டுச்சு, பணம் நின்னுச்சு, தனியார் நன்கொடையிலயும் சவுதி அரேபியா ஆராய்ச்சி நிறுவனத்தோட உதவியிலயும் ஆய்வு ஓடுச்சு. ஒவ்வொரு திட்டோட இழுப்பையும் கணக்குல மாதிரி பண்ணி, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு கழிச்சுக் கழிச்சு, 2011 மே மாசம் முடிவை வெளியிட்டாங்க. ஜியோடெடிக் 6,601.8, பிழை 18.3 கூடக் குறைய. ஃபிரேம் டிராகிங் 37.2, பிழை 7.2 கூடக் குறைய.

ஜெயிச்சுதான்னு கேட்டீங்க. ஃபிரேம் டிராகிங்கை நூத்துல ஒரு பங்கு துல்லியத்துல அளக்கணும்ங்கறது அவங்க ஆசை, கிடைச்சது நூத்துல 19 பங்கு. சுமார் 75 கோடி டாலர் செலவு, அதனால விமர்சனம் வந்துச்சு, அதுல நியாயமும் இருக்கு. லேகியோஸ்னு கண்ணாடி பதிச்ச ரெண்டு உலோக உருண்டை சாட்டிலைட்களை லேசர்ல அளந்து 2004-லயே சியுஃபோலினியும் பாவ்லிஸும் நூத்துல பத்து பங்கு துல்லியத்துல ஃபிரேம் டிராகிங்கைப் பார்த்துட்டதாவும் வெளியிட்டிருந்தாங்க, அதோட பிழை அளவு நிஜமாவே அவ்வளவுதானான்னு வேற தனி விவாதம் ஓடுச்சு. ஆனாலும் நான் இதை வெற்றின்னுதான் சொல்வேன். தன் கருவி எங்க பொய் சொல்லுதுன்னு தானே கண்டுபிடிச்சு, அதை ஒளிக்காம, ஆசைப்பட்டதை விட பெரிய பிழை அளவைத் தைரியமா பேப்பர்ல போட்டாங்க. இதுல வேலை செஞ்சு டாக்டர் பட்டம் வாங்கினவங்களே கிட்டத்தட்ட நூறு பேர். கல்லூரிக் காலத்துல இதுல வேலை பார்த்த எரிக் கார்னெல் பின்னாடி 2001-ல இயற்பியல் நோபல் வாங்கினார்.

கேள்வி (வாசகர் ஒருவர்): தப்பான பாதையில போன சாட்டிலைட்டால சார்பியலுக்கு நல்லது நடந்துச்சுன்னு படிச்சேன். எப்படி?

பதில்: ஐரோப்பாவோட கலிலியோ வழிகாட்டி சாட்டிலைட் ரெண்டை 2014 ஆகஸ்ட்ல ஒரே ராக்கெட்ல அனுப்பினாங்க. மேல் அடுக்கு ராக்கெட்ல எரிபொருள் குழாய் ஒண்ணு குளிர்ந்த ஹீலியம் குழாய்க்குப் பக்கத்துல இருந்ததால உறைஞ்சு போச்சு, சாட்டிலைட் ரெண்டும் வட்டப் பாதைக்குப் பதிலா நீள்வட்டத்துல மாட்டிக்கிச்சு. இருக்கற எரிபொருளை வெச்சு கொஞ்சம் சரி பண்ணியும் முழு வட்டமாக்க முடியல, ஒவ்வொரு சுத்துலயும் சுமார் 8,500 கிலோமீட்டர் ஏறி இறங்கிக்கிட்டிருந்துச்சு.

வழிகாட்டற வேலைக்கு இது நஷ்டம். ஆனா உள்ள அருமையான ஹைட்ரஜன் மேசர் கடிகாரம் இருக்கு, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ரெண்டு தடவை ஈர்ப்பு கூடின இடத்துக்கும் குறைஞ்ச இடத்துக்கும் போய் வருது. சார்பியலைச் சோதிக்க யாராவது காசு கொடுத்து சாட்டிலைட் பண்ணியிருந்தாலும் இந்த மாதிரி பாதையைத்தான் கேட்டிருப்பாங்க. அதுக்கு முன்னாடி சாதனை கிராவிட்டி புரோப் ஏ-வோடது. 1976 ஜூன்ல வெசாட்டோட குழு ஒரு ஹைட்ரஜன் மேசரை ராக்கெட்ல 10,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, ரெண்டு மணி நேரத்துக்கும் குறைவான ஒரே பயணத்துல லட்சத்துல 14 பங்கு துல்லியத்தை எட்டியிருந்தாங்க. நாற்பது வருஷமா அதை யாரும் தாண்டல.

கலிலியோவுல ஆயிரம் நாளைக்கு மேல டேட்டா கிடைச்சுச்சு. கடிகாரம் சுமார் 370 நானோ செகண்ட் அளவுக்கு கூடிக் குறைஞ்சு ஆடறது தெரிஞ்சுது. சூரிய ஒளி தள்றதால சாட்டிலைட்டோட பாதை கணக்குல வர்ற பிழையும் இதே தாளத்துல ஆடி ஏமாத்தப் பார்க்கும், அதனால தரையிலேர்ந்து லேசர் அடிச்சு தூரத்தைத் தனியா அளந்து சரிபார்த்தாங்க. பாரிஸ்ல ஒரு குழு, ஜெர்மனியில பிரெமன்ல ஒரு குழு, ரெண்டும் தனித்தனியா ஆராய்ஞ்சு 2018-ல வெளியிட்டாங்க. பாரிஸ் குழுவோட துல்லியம் லட்சத்துல ரெண்டரை பங்கு, பழைய சாதனையை விட அஞ்சு மடங்குக்கு மேல நல்லது. ஐன்ஸ்டைனோட கணக்குலேர்ந்து விலகலே இல்ல.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவர்): நிலாவுல சுத்தியலும் இறகும் ஒண்ணா விழுந்ததைப் பார்த்தேன். அதுவே போதாதா?

பதில்: 1971-ல அப்பல்லோ 15-ல போன டேவிட் ஸ்காட் செஞ்சு காட்டினது அது, எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது கண்ணா. ஆனா கண்ணால பார்த்து ஒண்ணா விழுந்துச்சுன்னு சொல்றதுல நூத்துல ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் நமக்குத் தெரியாது. எந்தப் பொருளா இருந்தாலும் ஈர்ப்புல ஒரே மாதிரி விழும்ங்கறது பொதுச் சார்பியலோட அஸ்திவாரம். புது தியரிகள் பலதும், இங்கதான் ரொம்ப ரொம்ப சின்னதா ஒரு விலகல் இருக்கும்னு சொல்லுது.

அதுக்காக பிரான்ஸ் 2016 ஏப்ரல்ல மைக்ரோஸ்கோப்னு ஒரு சாட்டிலைட்டை 710 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புச்சு. உள்ள ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு உருளை, ஒண்ணு டைட்டானியம் கலவை, ஒண்ணு பிளாட்டினம் கலவை. ரெண்டும் ஒரே பாதையில விழுதா, இல்ல ஒண்ணை அதே இடத்துல நிறுத்த மின்விசையால கொஞ்சம் கூடுதலா தாங்க வேண்டியிருக்கான்னு பார்த்தாங்க. கருவியே பொய் சொல்லக் கூடாதுன்னு ரெண்டு உருளையுமே பிளாட்டினமா இன்னொரு ஜோடியும் பக்கத்துலயே வெச்சாங்க, அதுல வித்தியாசம் தெரிஞ்சா தப்பு கருவியோடதுன்னு புரிஞ்சுடும். சாட்டிலைட்டோட வெப்பக் காப்பு உறை வெயில் பட்டும் படாமலும் சுருங்கி விரியறப்போ நொறுக் நொறுக்னு வெடிக்கற அதிர்ச்சிகூட டேட்டாவுல பதிவாச்சு, அதை எல்லாம் தேடித் தேடி எடுத்து ஒதுக்கினாங்க. 2022-ல வந்த கடைசி முடிவு: 1-க்குப் பின்னாடி 15 சைபர் போட்டா வர்ற எண்ணுல சில பங்கு அளவு வரைக்கும் ரெண்டு உலோகமும் ஒரே மாதிரிதான் விழுது.

கேள்வி (அதே மாணவரோட அப்பா): எல்லா சோதனையிலயும் ஐன்ஸ்டைனே சரின்னு வருதே, ஒரு தடவையாவது இடிச்சதே இல்லையா?

பதில்: இடிக்கற மாதிரி தோணினது உண்டு. 1972, 73-ல கிளம்பின பயனியர் 10, 11 விண்கலங்கள் ரெண்டும் சூரியக் குடும்பத்தோட வெளிப்பக்கம் போகும்போது, கணக்குக்கு மேல கொஞ்சூண்டு சூரியன் பக்கமா வேகம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. நம்ம தரை ஈர்ப்புல ஆயிரம் கோடியில ஒரு பங்குக்கும் கம்மியான முடுக்கம். 1998-ல இதை வெளியிட்டதும், தூரத்துல ஈர்ப்பு விதியே மாறுதோன்னு ஏகப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்துச்சு. ஸ்லாவா டுரிஷேவோட குழு பழைய டேட்டாவையும் விண்கலத்தோட வரைபடங்களையும் தேடிப் பிடிச்சு, எந்த பாகம் எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு கணக்குப் போட்டாங்க. புளூட்டோனியம் மின்கலத்தோட சூடும் உள்ள இருக்கற மின்கருவிகளோட சூடும் எல்லாப் பக்கமும் சமமா வெளியேறல, ஆன்டெனா தட்டோட பின்பக்கம் இருக்கறதால சூரியனுக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சம் அதிகமா போயிருக்கு. அந்த சூடு வெளிய போற உதைப்புதான் விண்கலத்தைத் திருப்பித் தள்ளியிருக்கு. 2012-ல இது முடிவாச்சு. இத்தனை வருஷமும் விதியைச் சந்தேகப்பட்டவங்களும் சரி, விண்கலத்தைச் சந்தேகப்பட்டவங்களும் சரி, ரெண்டு தரப்புமே செய்ய வேண்டியதைத்தான் செஞ்சாங்கன்னு நான் நினைக்கறேன்.

கேள்வி (வாசகி ஒருவர்): நிலாவுல வெச்ச கண்ணாடி இன்னும் வேலை செய்யுதா?

பதில்: செய்யுதும்மா. அப்பல்லோ 11, 14, 15 வெச்சதும் சோவியத்தோட ரெண்டு லூனோகோட் வண்டியில இருக்கறதும் இன்னைக்கும் லேசரைத் திருப்பி அனுப்புது. போய் வர ரெண்டரை நொடி ஆகும். நியூ மெக்சிகோவுல அப்பாச்சி பாயின்ட் டெலஸ்கோப்லேர்ந்து ஒரு துடிப்புல கோடி கோடிக்கும் மேல ஃபோட்டான் கிளம்பினா, திரும்பி வந்து மாட்டறது சராசரியா ஒண்ணு ரெண்டுதான், அதை வெச்சே தூரத்தை மில்லிமீட்டர் கணக்குல அளக்கறாங்க. பூமியும் நிலாவும் சூரியனை நோக்கி ஒரே மாதிரி விழுதான்னு பார்க்க இதை விட நல்ல ஏற்பாடு இல்ல. அதோட சேர்ந்து, நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மள விட்டு விலகிப் போறதும் இதுலதான் தெரிஞ்சுது.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர் ஒருவர்): அடுத்து எதை எதிர்பார்க்கலாம்?

பதில்: உடனடியா ஏசஸ். ஐரோப்பாவோட இந்தக் கடிகாரத் தொகுப்பு 2025 ஏப்ரல்ல சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் கொலம்பஸ் பகுதிக்கு வெளிய மாட்டியாச்சு. அதுல ஃபராவோன்னு ஒரு சீசியம் கடிகாரம், அணுக்களை லேசரால குளிர வெச்சு மெதுவா மிதக்க விட்டு அளக்குது. தரையில அணு சீக்கிரம் கீழ விழுந்துடும், மேல எடையில்லாததால அதிக நேரம் பார்க்கலாம். 400 கிலோமீட்டர் உயரம் கம்மிதான், கலிலியோ மாதிரி பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, ஆனா கடிகாரமே அவ்வளவு நல்லதுங்கறதால பத்து லட்சத்துல ரெண்டு பங்கு துல்லியம் வரைக்கும் போகலாம்ங்கறது இலக்கு. பல நாட்டு ஆய்வுக்கூடக் கடிகாரங்களோட மைக்ரோவேவ்ல ஒப்பிடப் போறாங்க.

அதுக்கு அப்புறம் லைசா. மூணு விண்கலம், ஒண்ணுக்கொண்ணு 25 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, நடுவுல லேசர். ஈர்ப்பு அலை, அதாவது காலவெளியில பரவற அதிர்வு, வந்தா அந்த தூரம் அணுவை விட சின்ன அளவுல மாறும், அதைப் பிடிக்கணும். முடியுமான்னு பார்க்க 2015 டிசம்பர்ல லைசா பாத்ஃபைண்டர் போச்சு, தங்கமும் பிளாட்டினமும் கலந்த 46 மில்லிமீட்டர் கனசதுரம் ரெண்டை 38 சென்டிமீட்டர் இடைவெளியில மிதக்க விட்டு, கேட்டதை விட அமைதியா வெச்சுக் காட்டிடுச்சு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில லைசாவுக்கு முழு ஒப்புதல் கொடுத்தாச்சு, 2035-ல ஏவறதா திட்டம். ரெண்டு பெரிய கருந்துளைகள் சேர்றதோட அலை அதுல பதிவாகும். பூமிக்குப் பக்கத்துல நாம அளக்கற ஈர்ப்பு எல்லாமே ரொம்ப மெலிசு சார், கருந்துளைக்கு ஒட்டின இடத்துலதான் ஐன்ஸ்டைன் சமன்பாடு முழு பலத்தோட வேலை செய்யுது. ஈர்ப்பு அலையைப் பிடிக்கற லைகோ மாதிரி தரைக் கருவிகள் சின்ன கருந்துளைகள்ல இதை ஏற்கனவே பார்த்துக்கிட்டிருக்கு, சூரியனை விட லட்சக்கணக்கான மடங்கு கனமானதுல பார்க்க லைசா வந்தாகணும். உங்க வகுப்புல இன்னைக்கு முதல் வருஷம் உக்காந்திருக்கற பசங்கதான் அந்த டேட்டாவைப் பிரிக்கற வயசுல இருப்பாங்க, அவங்களுக்கு இப்பவே பிழைக் கணக்குப் போடறதை நல்லா சொல்லிக் கொடுங்க.